தோல் இல்லாத உறை

நாலாவது வாட்டியும் குழவி வேட்டிக்குள்ள இருந்து வழுக்கி வந்து, வேடியப்பனோட கால் கட்டை வெரல் மேலயே வுழுந்துச்சி.

"ஐயோ!"ன்னு ஒத்தக் கால்ல குதிச்சாரு.

எழிலரசி தையல் மிஷின் மேல தலைய சாச்சி கண்ண மூடிகினா.

"இன்னாடி தெச்ச நீ? பையா இது, சல்லடையா?"

"பை நல்லாதான்பா கீது. உனக்குத்தான் இடுப்பே இல்ல. எங்க கட்டுனாலும் நேரா பாதத்துக்கு எறங்குது."

"பதினெட்டு வருஷ சர்வீஸ்ல எவனும் என் இடுப்பக் கொற சொன்னதில்ல."

"அப்ப பேண்ட்டு போட்டுனு இருந்தபா. பெல்ட்டு இருந்துச்சி."

சமையக்கட்டுல இருந்து சந்திரம்மாள் கரண்டியோட எட்டிப் பாத்தா. "அப்பனும் பொண்ணும் ரெண்டு நாளா அந்தக் குழவிய வெச்சி ஆடிகினே இருங்க. நான் இஞ்சிய பல்லால கடிச்சி டீயில போடறேன்."

ஆட்டம் ஒண்ணும் இல்ல அது. ஞாயித்துக்கெழம பவுர்ணமி. அன்னிக்கி அந்தக் குழவி இருந்த எடத்துல நெசமான ரிவால்வர் இருக்கணும். உள்ள ஆறு குண்டு. அது இப்படி நடுரோட்டுல வழுக்கி வுழுந்தா கட்டை வெரலோட போவாது, அப்பாவோட வேலையும் போவும். வேலை போனா போலீஸ் குவார்ட்டர்ஸ் போவும். குவார்ட்டர்ஸ் போனா எழிலரசியோட பிளஸ் டூ எங்க போவும்னு அவளுக்குத் தெரியாது. எதிர் வீட்டு ஏட்டு ஒருத்தரு பஸ்ல துப்பாக்கிய வெச்சிட்டு டீ குடிக்க எறங்கி, மூணு வருஷமா சஸ்பெண்டுல சட்டை துவைச்சி காயப் போட்டுனு கீறாரு. 

எல்லாம் ஒரு மொட்டைக் கடுதாசியால வந்த வெனை.

பொன்னுரங்கம்னு ஒருத்தரு. ஒரு காலத்துல எங்கியோ சேர்மனா இருந்தாராம், இப்ப பதவி இல்ல, ஆனா ஊரே இன்னும் சேர்மன்னுதான் கூப்புடும். காலைல ஏழு மணிக்கு டீக்கடை பெஞ்சுல ஒக்காந்தாருன்னா பதினோரு மணி வரைக்கும் அங்கதான் கட்சி, கோர்ட்டு, பஞ்சாயத்து எல்லாம். பக்கத்துத் தெருவுக்குப் போவணும்னாலும் கார்தான். அவருக்கு ரெண்டு மாசம் முன்ன தபால்ல ஒரு கடுதாசி வந்துச்சி. மூணே வரி.

'டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய். காரில் ஏறினால் இறங்க மாட்டாய். இப்படிக்கு, உன் முடிவு.'

இன்ஸ்பெக்டரு அதப் பத்து வாட்டி படிச்சாரு. "ஐயாவோட நடமாட்டத்த நல்லா வேவு பாத்துருக்கான். பழகுன கை"ன்னாரு. டீக்கடை கூடாது, காரு கூடாது, எங்க போனாலும் நடந்தே போவணும், கூடவே துப்பாக்கியோட ஒரு ஆளு நடக்கணும்னு உத்தரவாச்சி. அந்த ஆளுதான் வேடியப்பன். விடியக்காலம் அஞ்சு மணிக்கே சேர்மன் நடக்க கெளம்பறதால துப்பாக்கிய வீட்லயே வெச்சிக்கவும் சொல்லிட்டாங்க. அத மஞ்சப்பையில சுத்தி அரிசி டிரம்முல பொதைச்சி வெச்சாரு. அன்னிலருந்து எழிலரசி சோறு சாப்புடறப்பெல்லாம் கல்லு கடிச்சா கூட குண்டோன்னு துப்பிப் பாப்பா.

ரெண்டு மாசமும் பேண்ட்டு, சட்டை, இடுப்புல கவருமெண்டு குடுத்த தோல் உறை. ஒரு கொறையும் இல்ல. இந்தப் பவுர்ணமிக்கு சேர்மன் கிரிவலம் போவணும்னு அவரு சம்சாரம் தங்கம்மாள் முடிவு பண்ணதுலருந்துதான் புடிச்சிது சனி. பதினாலு கிலோமீட்டரு, மலையச் சுத்தி, வெறுங்கால்ல.

சேதிய எட்த்துனு வந்தது அவங்க வீட்ல சமைக்கிற பொன்னி.

"அண்ணே, அம்மா சொல்லச் சொன்னாங்க. வேட்டிதான் கட்டணுமாம். சட்டை ஆகாதாம், துண்டு போத்திக்கலாமாம். அப்புறம் அந்த உறை ஆகாதாம்."

"எது ஆகாது?"

"தோலு. மாட்டுத்தோலு. செருப்பயே கயட்டிப் போட்டுட்டு சாமிய சுத்தறோம், நீங்க இடுப்புல தோல கட்டிகினு வருவீங்களான்னு கேக்கறாங்க."

வேடியப்பன் இன்ஸ்பெக்டரு கிட்ட போயி நின்னாரு. "அந்தம்மா சொல்றபடி செய்யிய்யா"ன்னு அவரு முடிச்சிட்டாரு. அதோட நிக்கல. துப்பாக்கி ஒடம்போட இருக்கணும். பையில தூக்கினு வரக் கூடாது. கும்பல்ல எவன் கண்ணுலயும் படக் கூடாது. வேணும்னா ரெண்டு செகண்டுல கைக்கு வரணும். தோலா இருக்கக் கூடாது.

"எதிரி கொல்ல வரான்னு பயந்துதானே போலீஸ கேட்டாங்க? அப்புறம் உறை தோலா துணியான்னு இன்னாத்துக்குப் பாக்கறாங்க?"ன்னு எழிலரசி பொரிஞ்சா.

"பெரிய எடம். அப்டித்தான் இருக்கும். நீ தெய்யி."

லீவுல தையல் கத்துகின பாவத்துக்கு அவதான் தெச்சா. மொதல்ல ரவிக்கத் துணியில ஒரு சுருக்குப்பை. அது பாதத்துக்கு எறங்குச்சி. அப்புறம் பாவாடை நாடா போட்டு ஒண்ணு. அது நாலு வாட்டி கட்டை வெரல பதம் பாத்துச்சி. நெசத் துப்பாக்கிய வெச்சி பரீச்ச பண்ண பயம், அதான் குழவி.

"ரியாசுதீன் பாய் கிட்ட போலாம்பா. என்னால ஆவாது."

ரியாசுதீன் பாய்க்கு செங்கம் ரோட்டுல கடை. ஆட்டோ, டெம்போவுக்கு சீட்டு கவர் தெப்பாரு. அப்பா சொன்னத முழுசா கேட்டுட்டு வாயில இருந்த ஊசிய எட்த்தாரு.

"டிவிஎஸ்ஸுக்கு தெச்சிருக்கேன், டிராக்டருக்கு தெச்சிருக்கேன். துப்பாக்கிக்கு இதான் மொத வாட்டி. அளவு?"

அப்பா இந்தாண்ட அந்தாண்ட பாத்துட்டு துண்டுக்குள்ள இருந்து குழவிய எட்த்து வெச்சாரு.

பாய் குழவியப் பாத்தாரு. அப்பாவப் பாத்தாரு. "டிபார்ட்மெண்ட்டுல இதான் குடுக்கறாங்களா இப்ப?"

"அளவுக்கு பாய்! இதே கனம், கிட்டத்தட்ட இதே நீளம்!"

ஒரு மணி நேரத்துல தெச்சிக் குடுத்துட்டாரு. கருப்பு ரெக்ஸின், ரெட்டைத் தையலு, அழுத்துனா 'டப்'புன்னு மூடற பட்டன். அப்டி ஒரு அழகு. பாயே அத கை மேல வெச்சி திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

மறுநாள் பொன்னி அத வாங்கினு போயி காமிச்சிட்டு, அர மணி நேரத்துல திருப்பி எட்த்துனு வந்துட்டா.

"தோலாட்டமே கீதாம்."

"தோல் இல்லம்மா, ரெக்ஸினு!"

"அம்மாவுக்குத் தெரியும்ணே. பாக்கறவங்களுக்குத் தெரியணுமே, அவங்க வாயில வுழுவணுமான்னு கேக்கறாங்க."

எழிலரசிக்கு செவுத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சி. "யாருக்கும் தெரியக் கூடாத எடத்துல கட்டறதுதானே உறை? அத யாரு பாக்கப் போறாங்க?"

"அத நான் கேட்டா என் வேலை போயிடும் பாப்பா"ன்னுட்டு பொன்னி அந்தாண்ட பாத்தா.

"ஐயா எப்டி கீறாரு?"ன்னு சந்திரம்மாள் கேட்டா.

"பாதி ஆளா ஆயிட்டாருக்கா. தொப்பையெல்லாம் எங்க போச்சின்னே தெரியல."

"பயம்! உயிர் பயம் இன்னா பண்ணும் பாத்தியா"ன்னு சந்திரம்மாள் உச்சுக் கொட்டுனா.

ரெக்ஸின் ஆகாதுன்ன ஒடனே பாய்க்கு மூக்குக்கு மேல கோவம். "என் தையல பாத்து எவனும் ஆகாதுன்னு சொன்னதில்ல. இரு"ன்னுட்டு லாரிக்குப் போத்தற பச்சைக் கித்தான வெட்டுனாரு. கட்டிலுக்குப் போடற பட்டை நாடாவ அதுல வெச்சி, இடுப்பு ஒரு சுத்து, தோள் ஒரு சுத்துன்னு தெச்சாரு. உள்ள வெச்சா குழவி இம்மி கூட அசையல. அப்பா குனிஞ்சாரு, குதிச்சாரு, தோப்புக்கரணம் போட்டாரு. அசையல. எடுக்கவுந்தான் முடியல.

"ரெண்டு செகண்டுல வரணும் பாய்."

"மொதல்ல அந்தப் பட்டன், அப்புறம் இந்தக் கொக்கி, அப்புறம் இந்த முடிச்சி."

"அதுக்குள்ள எதிரி சுட்டுட்டு பஸ் ஏறி ஊருக்கே போயிடுவானே."

"கொஞ்சம் இருக்க சொல்லுங்க"ன்னாரு பாய். அப்புறம் மனசு எறங்கி கொக்கியயும் முடிச்சயும் எட்த்துட்டு, பட்டன் மட்டும் உட்டாரு.

ஞாயித்துக்கெழம காலைல கடைசிப் பரீச்ச. குழவிய உள்ள வெச்சி, வேட்டி கட்டி, துண்டு போத்தினு வேடியப்பன் குவார்ட்டர்ஸ ரெண்டு சுத்து வந்தாரு. வுழுவல. ஆனா வவுத்துக்குக் கீழ ஒரு பக்கமா முட்டினு நின்னுச்சி. சஸ்பெண்டு ஏட்டு துணி காயப் போடறத நிறுத்திட்டு ஓடியாந்தாரு.

"இன்னா வேடியப்பா, சொல்லவே இல்ல? குடலெறக்கம் எப்பலருந்து? சும்மா உட்றாத, ஆப்பரேஷன் பண்ணிக்கோ."

அடுத்த வீட்டம்மா, பால்காரரு, கோலம் போட்டுனு இருந்த பொண்ணு, எல்லாரும் ஆளுக்கு ஒரு டாக்டரு பேரு சொன்னாங்க. வேடியப்பன் மூஞ்சி செவந்து போயி வீட்டுக்கு வந்தாரு.

"பரவால்லபா"ன்னா எழிலரசி. "துப்பாக்கின்னு எவனுக்கும் தோணல இல்ல? அதானே வேணும்?"

கெளம்ப சாயங்காலம் அஞ்சு மணி. அதுவரைக்கும் படுக்கறேன்னு உறைய கூட அவுக்காம பாய விரிச்சிப் படுத்தாரு. ராத்திரி முழுக்க தூங்காத மனுசன், ஒடனே கொறட்டை.

நாலே காலுக்கு கதவு ஒடையற மாதிரி தட்டல். பொன்னி.

"அண்ணே, நாலரைக்கு ராகு காலமாம்! அதுக்குள்ள மொத அடி எட்த்து வெக்கணுமாம்! ஐயாவும் அம்மாவும் ரோட்டுல நிக்கறாங்க!"

வேடியப்பன் அப்டியே எழுந்து, இடுப்பத் தட்டிப் பாத்தாரு. கனமா இருந்துச்சி. வேட்டிய இழுத்துக் கட்டினு, துண்ட போத்தினு ஓடிட்டாரு.

எழிலரசி ஒரு பெருமூச்சு உட்டா. ஒரு வாரத்துல அன்னிக்கித்தான் மொத வாட்டி மூச்சு முழுசா உள்ள போயி வந்துச்சி. "அம்மா, ஒரு டீ போடேன்."

சந்திரம்மாள் அடுப்புல பால வெச்சா. அம்மி மேல பாத்தா. தட்டு கீழ பாத்தா. "எழிலு, குழவி எங்கடி?"

"அங்கதான்மா..."

 ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துகினாங்க. எழிலரசி ஓடிப் போயி அரிசி டிரம்முக்குள்ள தோள் வரைக்கும் கைய உட்டா. மஞ்சப்பை. உள்ள சில்லுனு இரும்பு.

"அம்மா... இது இங்க கீது."

"அப்போ உங்கப்பா?"

"குழவிய கட்டினு காவலுக்குப் போயிருக்காரு."

சந்திரம்மாள் தலையில கைய வெச்சி அப்டியே கீழ ஒக்காந்துட்டா. பால் பொங்கி அடுப்ப அணைச்சிது. யாரும் பாக்கல.

"எதிரி இன்னிக்கே வந்துட்டான்னா?"ன்னு எழிலரசி கேட்டா. "அப்பா இன்னாத்த நீட்டுவாரு?"

"வாயக் கழுவு. ஸ்டேஷன்ல சொல்லிடலாமா?"

"சொன்னா நாளைக்கி அப்பாவும் எதிர் வீட்டுக் கொடியில பங்கு கேட்டுத் துணி காயப் போட வேண்டியதுதான்."

போன் பண்ணலாம்னா, செல்லு இல்லாத காலம், நடந்து போறவருக்கு எங்க பண்றது? சந்திரம்மாள் இடுப்ப புடிச்சினு நடக்கறவ, அவங்கள எட்டிப் புடிக்க ஆறு கிலோமீட்டராவது ஓடணும், அது அவளால ஆவாது. எழிலரசி முதுகுல மாட்டற ஸ்கூல் பைய காலி பண்ணா. துப்பாக்கிய மஞ்சப்பையோட உள்ள வெச்சா.

"வாய கீழ பாத்து வெய்யிடி. வெடிச்சா தரையில போவட்டும்."

"கீழ என் இடுப்பு கீதும்மா!"

"அப்ப மேல பாத்து வெய்யி."

"மேல என் தலை!"

"வெளிப்பக்கமா பாத்து வெய்யி."

"பின்னால வரவன் இன்னா பாவம் பண்ணான்?"

கடைசில படுக்க வெச்சி, மேல கீழ ரெண்டு பக்கமும் தலையாணிப் பஞ்ச அடைச்சி, கணக்கு நோட்டு ரெண்ட முதுகுப் பக்கம் சொருகிகினா. நோட்டு குண்ட தடுக்குமான்னு அவளுக்கும் தெரியல. ஒரு தைரியம்.

செங்கம் ரோட்டுல தலை தலையா ஜனம். எல்லாம் ஒரே பக்கமா, ஆறு மாதிரி நகந்துகினு இருந்துச்சி. பைய ஒரு ஆளு இடிச்சா எழிலரசி கண்ண மூடிக்குவா. வெடிக்கல. கண்ணத் தொறப்பா. நடப்பா. வழியில இருக்கற ஆசிரமத்துக்கு முன்னால வந்தப்போ எதுர்ல கயிறு கட்டி, ரெண்டு பொம்பளப் போலீஸு முதுகுப் பையெல்லாம் தொறந்து பாத்துகினு இருந்தாங்க. அதுல ஒருத்தி போன வாரந்தான் வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போனவ.

எழிலரசி அப்டியே பக்கத்துல திரும்பி, ரியாசுதீன் பாய் கடைக்குள்ள பூந்துட்டா.

பாய் கடை வாசல்ல பவுர்ணமிக்குப் பவுர்ணமி நடக்கறவங்களுக்கு நீர்மோரு ஊத்துவாரு. அன்னிக்கும் ஊத்தினு இருந்தாரு.

"வா பாப்பா. உறை எப்டி? கழண்டுச்சா?"

"கழலவே இல்ல பாய். அதான் வம்பே. மூடி போட்ட வாளி ஒண்ணு குடுங்களேன், காலைல தரேன்."

ஏன்னு அவரு கேக்கல. எவர்சில்வர் தூக்குவாளி ஒண்ணு குடுத்தாரு. அவ கடைக்குள்ள திரும்பி நின்னு மஞ்சப்பைய அதுக்குள்ள எறக்கி மூடுனா. ஸ்கூல் பையயும் செருப்பயும் அங்கயே போட்டுட்டு கெளம்புனா. போலீஸ் அக்கா அவளப் பாத்து சிரிச்சா.

"இன்னா எழிலு, அன்னதானமா? நல்லாரு. போ போ."

அங்கதான் அடுத்த தப்பு. தூக்குவாளியோட ஒரு பொண்ணு பவுர்ணமில வேகமா போனா, ஜனம் இன்னா நெனைக்கும்? பத்து அடி போவல, ஒரு கெழவரு கூடவே வந்தாரு.

"இன்னா சாதம் பாப்பா?"

"சாதம் இல்ல தாத்தா."

"பொங்கலா?"

"ஒண்ணும் இல்ல தாத்தா, தீந்துடுச்சி."

"மூடியே தொறக்கல, அதுக்குள்ள தீந்துடுச்சா?"

கெழவருக்குப் பின்னால ஒரு அம்மா கொழந்தையோட நின்னா. அவளுக்குப் பின்னால நாலு பேரு. எழிலரசி வேகமா நடந்தா வரிசையும் வேகமா நடந்துச்சி. அவ நின்னா வரிசையும் நின்னுச்சி. ஒரு வளைவுல திரும்பிப் பாத்தா, அம்பது பேரு. பின்னாடி இருக்கறவங்களுக்கு இது இன்னா வரிசைன்னே தெரியல, ஆனா எவனும் எடத்த உடல.

ஓரமா பந்தல் போட்டு பொரி குடுத்துகினு இருந்த கும்பல்ல ஒருத்தரு இதப் பாத்துட்டாரு. "கொழந்த தனியா கஷ்டப்படுது பாருங்கடா! இந்தாம்மா, தீந்துடுச்சா?"ன்னு கேட்டுனே மூடியத் தொறந்து, மூட்டையத் தூக்கி வாளி நெறைய பொரியக் கொட்டிட்டாரு.

"ஐயோ வேணாம்ணா!"

"அண்ணாமலையாருக்குக் குடுக்கறதுல இன்னா கூச்சம்?"

அதுக்கப்புறம் குடுக்காம இருக்க முடியுமா? நடந்துனே குடுத்தா. ஒரு கை பொரி, ரெண்டு அடி. ஒரு கை பொரி, ரெண்டு அடி. ஆறு குண்டு போட்ட ரிவால்வரு மேல கெடந்த பொரிய வாங்கி, ஜனம் கண்ணுல ஒத்திகினு தின்னுச்சி. பொரி எறங்க எறங்க எழிலரசிக்கு உயிரும் எறங்குச்சி. அடி அண்ணாமலை கோயில் வெளக்கு தெரியறப்போ கை மஞ்சப்பை மேல பட்டுச்சி. டக்குனு மூடுனா.

மொதல்லருந்து கூடவே வந்துகினு இருந்த கெழவரு எட்டிப் பாத்தாரு. "அடியில மஞ்சப்பையில இன்னாமா? ஸ்பெஷலா?"

"அது வி.ஐ.பி.க்கு தாத்தா"ன்னு அழற கொரல்ல சொல்லிட்டு ஓட ஆரம்பிச்சா.

கோயிலத் தாண்டி ஒரு டீக்கடை. அதுக்கு எதுர்ல ரோட்டோரமா சேர்மன் பொன்னுரங்கம் வேர்த்து வழிய நின்னுனு இருந்தாரு. தங்கம்மாள் அவரு கையப் புடிச்சினு நின்னாங்க. பின்னால தண்ணி கேனோட பொன்னி. முன்னால வேடியப்பன், வவுத்துல முட்டினு நிக்கற கித்தானோட, டீக்கடைக்கு குறுக்க கைய விரிச்சினு நின்னாரு.

"அஞ்சு நிமிஷம் பெஞ்சுல ஒக்கார்றேன்யா. காலு கழண்டு போச்சி"ன்னு சேர்மன் கெஞ்சினு இருந்தாரு.

"கூடாதுங்கய்யா. பெஞ்சுல ஒக்காந்தா எழுந்திருக்க மாட்டீங்க. கடுதாசியில தெளிவா போட்டுருக்கு."

அப்போ டீக்கடைக்குள்ள இருந்து ஒரு ஆளு, கையில நீளமா எதையோ புடிச்சினு, "ஐயா! சேர்மன் ஐயா!"ன்னு கத்தினே பாஞ்சி வந்தான்.

"நில்லு!" வேடியப்பன் பட்டன 'டப்'புன்னு தொறந்து, ரெண்டே செகண்டுல உருவி, நேரா அவன் மூக்குக்கு முன்னால நீட்டுனாரு.

இஞ்சி தட்டுற குழவி.

கூட்டமே நின்னுடுச்சி. வேடியப்பன் தன் கையப் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. மூஞ்சியில ரத்தமே இல்ல.

வந்தவன் டீக்கடைக்காரன். கையில இருந்தது போண்டா எடுக்கற இடுக்கி, அதோட நுனியில சூடா ஒரு போண்டா. அவன் குழவியப் பாத்துட்டு பதவிசா சொன்னான்: "இஞ்சி தட்டியாச்சி சார்."

"அப்பா!" எழிலரசி ஓடியாந்து வாளிய நீட்டுனா. மூச்சு வாங்குச்சி. "அப்பா, இது... இத புடி..."

அப்பா அசையல. தங்கம்மாள் கை நீட்டி வாளிய வாங்குனாங்க. "பிரசாதமாம்மா? குடு"ன்னு மூடியத் தொறந்து, மஞ்சப்பைய விரிச்சி உள்ள பாத்தாங்க.  அப்புறம் பைய மடிச்சி மூடிய போட்டாங்க.

எழிலரசிக்கு அதுக்கு மேல தாங்கல. ரோட்டுலயே அவங்க கால்ல வுழுந்துட்டா.

"அம்மா, யார் கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா! எங்கப்பா வேணும்னு பண்ணலம்மா. துணியில தெச்சோம், ரெக்ஸினுல தெச்சோம், கித்தான்ல தெச்சோம். ராகு காலம்னு அவசரத்துல மாறிடுச்சிம்மா. அந்த எதிரி மட்டும் இன்னிக்கி வந்திருந்தா ஐயா கதி இன்னா ஆயிருக்கும்னு நெனைச்சா எனக்கு கை காலெல்லாம் நடுங்குதும்மா. அப்பாவுக்கு வேலை போயிடும்மா..."

 தங்கம்மாள் பார்வையே இவ மேல இல்ல. இந்த அமளியில இடுக்கி காலியாயிருந்துச்சி. சேர்மன் வாயி ரெண்டு பக்கமும் உப்பியிருந்துச்சி.

"வேடியப்பா! துப்பாக்கி கெடக்கட்டும், மொதல்ல அந்த போண்டாவ வாயில இருந்து புடுங்கு! ரத்தத்துல முந்நூத்தி இருவது இருந்த சக்கர இந்த ரெண்டு மாசத்துலதான் நூத்தி நாப்பதுக்கு எறங்கியிருக்கு!"ன்னு கத்தினே புருஷன் பக்கம் பாஞ்சாங்க.

எழிலரசி அழுதுனே அப்டியே தரையில ஒக்காந்திருந்தா. பொன்னி தண்ணி கேன கீழ வெச்சிட்டு, குனிஞ்சி அவ கைய புடிச்சி தூக்கி, காதுகிட்ட சொன்னா:

"ஏந்திரு பாப்பா, எந்த எதிரியும் வர மாட்டான். அம்மா எழுதிக் குடுத்த அந்தக் கடுதாசிய தபால் பொட்டில போட்டப்போ எனக்குக் கூட கை இப்படி நடுங்கல."